கரண்ட் வைப்பது பற்றி: கதிர்வீச்சு சிகிச்சை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பிரிவின் கதவுக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச் கிடக்கிறது. நோயாளி உள்ளே போனதும் கூட வந்தவர்கள் அதில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். 14 வருடமாகக் கதிர்வீச்சு மிஷினை இயக்கும் டெக்னீஷியன் என்பதால் அதிகம் மாட்டுவது நான்தான். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு என்ன சிகிச்சை என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவர் சொன்னதில் பாதி புரியாமல் வெளியே வந்தவர்களுக்காக, பெஞ்சில் வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

"கரண்ட் வைக்கணும்" என்கிறார்களே, உடம்பில் மின்சாரமா பாய்ச்சுவார்கள்?

இல்லை. யார் ஆரம்பித்து வைத்த பேச்சோ, தமிழ்நாட்டில் ரேடியேஷனுக்கு "கரண்ட்" என்ற பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரி ஆட்களான நாங்களே அப்படித்தான் சொல்கிறோம். இதனால் வரும் பயம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு அம்மா தோடு, வளையல், மெட்டி எல்லாம் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, ரப்பர் செருப்போடுதான் மேஜையில் படுப்பேன் என்று ஒரே பிடிவாதமாக நின்றார். ஷாக் அடித்தால் என்ன செய்வது என்பது அவர் கணக்கு. சரி, படுங்கள் என்று செருப்போடே படுக்க வைத்தோம். மறுநாள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

உள்ளே போவது எக்ஸ்ரே. 1895இல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த அதே கதிர்தான், ஆனால் படம் எடுக்கும் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு வீரியம் கூடியது. படும்போது வலிக்காது, சுடாது, வெளிச்சமும் தெரியாது. மிஷின் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும்.

கரண்ட் வைத்தால் உடம்பு சூடு ஏறிவிடுமாமே?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கதிர்வீச்சை கிரே என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிரே. அந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறினாலும், பட்ட இடத்தின் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஏறாது. ஒரு மடக்கு காபி இதைவிட அதிகம் சூடேற்றும்.

அப்படியானால் தோல் கறுப்பதும் எரிவதும் ஏன்? அது சூட்டினால் வருவதில்லை. செல்கள் சேதமாவதால் வரும் அழற்சி அது. இளநீர், மோர் தாராளமாகக் குடியுங்கள், தண்ணீர்ச்சத்துக்கு நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இளநீருக்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சூடு தணியட்டும் என்று கரண்ட் படும் தோலில் விளக்கெண்ணெய், மஞ்சள், சந்தனம் எதுவும் பூச வேண்டாம்.

ஒரே நாளில் முடித்துவிடாமல் ஏன் 30, 35 நாள் இழுக்கிறார்கள்?

கதிர் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. நல்ல செல், கெட்ட செல் என்று பார்த்து அறுப்பதில்லை. ஆனால் நல்ல செல் அறுந்ததைப் பெரும்பாலும் அன்று ராத்திரியே தைத்துக்கொள்ளும். புற்றுநோய் செல்லுக்கு அந்தத் தையல் வேலை அவ்வளவு சரியாக வராது. தினமும் கொஞ்சம் அறுத்து, ராத்திரி முழுக்க நல்ல செல்லுக்கு அவகாசம் கொடுத்து, மறுநாள் மறுபடி அறுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது தோற்கும். சனி, ஞாயிறு லீவும் இந்தக் கணக்குக்குள் அடக்கம்.

இப்போது எல்லாவற்றுக்கும் 35 நாள் கிடையாது. மார்பகப் புற்றுக்கு முன்பு 5 வாரம் கொடுத்ததை 3 வாரத்தில், 15 தவணையில் முடிக்கிறார்கள். தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தவணையாக 26 கிரே கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. எலும்புக்குப் பரவி வலிக்கிறவர்களுக்கு, பல சமயம் ஒரே ஒரு தடவை 8 கிரே கொடுத்தாலே வலி தணிந்துவிடும். "ஒரே நாள்தானா, கைவிட்டுட்டாங்களா?" என்று இடிந்துபோய் உட்கார்ந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வலியைக் குறைக்கும் விஷயத்தில் அந்த ஒரு நாள் சிகிச்சை, 10 நாள் சிகிச்சைக்குக் குறைந்தது இல்லை. நடக்க முடியாதவரைத் தினமும் வேன் வைத்துக் கூட்டிவரும் அலைச்சலும் மிச்சம்.

மொத்தம் எத்தனை வகை?

கதிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மூன்று. தூரத்தில் நிற்கும் மிஷினிலிருந்து வருவது வெளிக்கதிர்வீச்சு. பத்தில் ஒன்பது பேர் "கரண்ட்" என்று சொல்வது இதைத்தான். கதிரியக்கப் பொருளையே கட்டிக்குள்ளோ அதன் பக்கத்திலோ கொண்டுபோய் வைப்பது உள்கதிர்வீச்சு, அதாவது பிராக்கிதெரபி. வாயாலோ ஊசியாலோ உடம்புக்குள் அனுப்பி, ரத்தத்தோடு ஓடிக் கட்டியைத் தேடிப்போக வைப்பது மூன்றாவது. கேட்பவர்களைக் குழப்பும் மற்ற பெயர்களில் முக்கால்வாசி முதல் வகையின் உட்பிரிவுகள்தான்.

கோபால்ட் பழசு, லீனியர் ஆக்சிலரேட்டர் உள்ள இடத்துக்குப் போங்கள் என்கிறார்கள். போகலாமா?

கோபால்ட் மிஷின் 1951இல் கனடாவில் சிகிச்சைக்கு வந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் மையத்துக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. அதன் வயிற்றுக்குள் கோபால்ட்-60 என்ற உலோகம் இருக்கிறது. அது ராப்பகலாகக் காமா கதிரை உமிழ்ந்துகொண்டே இருக்கும். நாம் செய்வது ஷட்டரைத் திறந்து மூடுவது மட்டும். கரண்ட் கட் ஆனாலும் கதிர் நிற்காது என்பதால் பாதுகாப்பு விதிகள் கடுமை. சுமார் 5 வருடம் 3 மாதத்தில் வீரியம் பாதியாகிவிடும். அதனால் போன வருடம் 2 நிமிடம் படுத்தவர் இந்த வருடம் அதே அளவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் படுக்க வேண்டிவரும்.

லீனியர் ஆக்சிலரேட்டருக்கு, சுருக்கமாக லினாக்குக்கு, கதிரியக்கப் பொருள் தேவையில்லை. எலக்ட்ரானை முடுக்கி உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்ரே உண்டாக்கும். ஸ்விட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். தேவையானால் அதே மிஷின் எலக்ட்ரானையே நேராக அனுப்பும். ஆழம் போகாத கதிர் என்பதால் தோல் பக்கத்துக் கட்டிகளுக்கு உதவும். கோபால்ட் கதிர் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழேயே உச்சத்தைத் தொடும். லினாக்கின் வழக்கமான கதிர் ஒன்றரை சென்டிமீட்டர் போனபிறகுதான் தொடும். தோல் கறுப்பது லினாக்கில் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அதற்காகக் கோபால்ட்டைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வராது. எலும்பு வலிக்குக் கொடுக்க அது போதும். பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபாட்ரான் என்ற நம் நாட்டு கோபால்ட் மிஷின் வெளிநாடுகளுக்கும் போயிருக்கிறது. ஆனால் தொண்டை, மூளை, தண்டுவடப் பக்கம் என்று நெருக்கடியான இடமென்றால் லினாக் உள்ள இடம் நல்லது. கட்டிக்குப் பக்கத்தில் என்ன உறுப்பு இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். எந்த மிஷின் என்பது அதைத் தெரிந்துகொண்ட பிறகு கேட்க வேண்டியது.

ஐ.எம்.ஆர்.டி., வீமேட், ஐ.ஜி.ஆர்.டி. என்று பில்லில் போட்டிருக்கிறதே, எல்லாம் தனித்தனி மிஷினா?

ஒரே லினாக் இவை எல்லாவற்றையும் செய்யலாம். லினாக்கின் வாயில் சீப்புப் பல் மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட உலோகத் தகடுகள் இருக்கும். கட்டியின் வடிவத்துக்கு அவை நகர்ந்து கதிரை வெட்டிக் கொடுக்கும். கட்டியின் உருவத்துக்கு ஏற்ப ஓட்டை அமைத்து நாலைந்து பக்கத்திலிருந்து அடித்தால் அது முப்பரிமாண முறை. ஒவ்வொரு பக்கக் கதிருக்குள்ளும் இங்கே அதிகம், அங்கே குறைவு என்று வீரியத்தை மாற்றி அடித்தால் ஐ.எம்.ஆர்.டி. மிஷின் சுற்றிக்கொண்டே அதைச் செய்தால் வீமேட். நேரம் மிச்சமாகும். தினமும் அடிப்பதற்கு முன் படம் எடுத்து, நேற்றிருந்த இடத்திலேயே கட்டி இருக்கிறதா என்று சரிபார்ப்பது ஐ.ஜி.ஆர்.டி.

தொண்டைப் புற்றுக்கு ஐ.எம்.ஆர்.டி. உண்மையிலேயே பலன் தரும். காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்றிக் கொடுத்தால், சோற்றை ரசம் ஊற்றிக் கரைக்காமல் விழுங்கும் வாழ்க்கை பலருக்கு மிஞ்சும். எலும்பு வலிக்கு ஒரு நாள் அடிப்பதற்கும் ஐ.எம்.ஆர்.டி. என்று பில் வந்தால், ஏன் என்று கேட்பதில் தப்பே இல்லை.

முகத்தில் வலை மாதிரி ஒன்றைப் போட்டு மேஜையோடு பூட்டுகிறார்களாமே?

ஆமாம், மாஸ்க். தலை, கழுத்து ஒரு சில மில்லிமீட்டருக்கு மேல் நகராமல் இருக்கத்தான் அது. சின்னச் சின்ன ஓட்டை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தகடு. 70 டிகிரிக்குப் பக்கத்தில் சூடான வெந்நீர்த் தொட்டியில் போட்டால் அப்பளம் நமத்துப்போன மாதிரி தொளதொளவென்று ஆகிவிடும். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, நீரை உதறி, முகத்தின் மேல் இழுத்து மேஜையில் மாட்டுவோம். வெதுவெதுப்பாக இருக்கும். மூக்கு, தாடை, புருவ மேடு எல்லாம் அப்படியே பதியும். 10 நிமிடத்தில் இறுகிவிடும். மூச்சுவிட எந்தச் சிரமமும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு எச்சிலை மெதுவாக விழுங்கலாம். அடைபட்டாற்போல் பயந்தால் கையைத் தூக்குங்கள். கேமராவில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம், உடனே நிறுத்திவிட்டு உள்ளே வருவோம்.

அப்புறம் ஒன்று. மாஸ்க் எடுக்க வரும் முன் மீசை, தாடி, கொண்டை எப்படி இருந்ததோ அப்படியே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்த ஒரு அண்ணனுக்கு மாஸ்க் லொடலொடவென்று ஆடியது. புதிதாக எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி திட்டமிட வேண்டியதாயிற்று.

கத்தி இல்லாத ஆபரேஷன் என்கிறார்களே, காமா நைஃப்?

பெயரில் கத்தி இருக்கிறது, வேலையில் இல்லை. ஸ்வீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1960களில் உருவாக்கியது. சுமார் 200 கோபால்ட் மூலங்கள் தலையைச் சுற்றி இருக்கும். ஒவ்வொரு கதிரும் தனியாகப் பலவீனமானது. அத்தனையும் கூடும் புள்ளியில் மட்டும் பலம் சேரும். லினாக்கிலும், ரோபோ கை கொண்ட சைபர்நைஃபிலும் இதே யோசனைதான். மூளைக்கு ஒரே தவணையில் கொடுத்தால் எஸ்.ஆர்.எஸ்., நுரையீரல், கல்லீரல் போன்ற இடங்களுக்குச் சில தவணைகளில் கொடுத்தால் எஸ்.பி.ஆர்.டி. கட்டி சின்னதாகவும் எல்லை தெளிவாகவும் இருக்க வேண்டும். பெரிய கட்டிக்குச் சரிவராது.

நிலத்தை விற்றாவது புரோட்டான் சிகிச்சை கொடுக்கலாம் என்று இருக்கிறோம். நல்லதுதானே?

கொஞ்சம் பொறுங்கள். எக்ஸ்ரே கட்டியைத் தாண்டி மறுபக்கம் வெளியே போகும். வழியில் உள்ளதையெல்லாம் தொட்டுக்கொண்டுதான் போகும். புரோட்டான் அப்படியல்ல. எவ்வளவு வேகத்தில் விடுகிறோமோ அதற்கேற்ற ஆழத்தில் போய், கையிருப்பை மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் உறுப்பில் அநேகமாக ஒன்றும் விழாது. இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் 1946இலேயே எழுதினார். இந்தியாவில் முதல் புரோட்டான் மையம் 2019 ஜனவரியில் சென்னை தரமணியில் அப்போலோவில் திறந்தது. பிறகு நவி மும்பையில் டாடா நினைவு மையமும் தொடங்கிவிட்டது.

குழந்தைகளின் மூளை, தண்டுவடக் கட்டிக்கு இது பெரிய விஷயம். வளரும் உடம்பில் தேவையில்லாத இடத்தில் விழும் ஒவ்வொரு கிரேயும் பின்னால் கணக்குக் கேட்கும். மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகள், ஏற்கெனவே கதிர் வாங்கிய இடத்தில் மறுபடி கொடுக்க வேண்டிய நிலை, இவற்றுக்கும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் 60 வயதுக்காரரின் சாதாரண புரோஸ்டேட் புற்றுக்கோ, பரவிவிட்ட நோய்க்கோ நிலத்தை விற்று இதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல ஐ.எம்.ஆர்.டி.யைவிட உங்கள் விஷயத்தில் இது என்ன கூடுதலாகச் செய்யும் என்று டாக்டரைக் கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு நிலத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு 25 நாள் கரண்ட் முடிந்தும் "உள்ளே வைக்கணும்" என்கிறார்கள். வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

விடவே கூடாது. வெளியிலிருந்து கொடுத்த 45, 50 கிரே மட்டும் அந்தக் கட்டிக்குப் போதாது. இன்னும் கொடுக்கலாம் என்றால் மூத்திரப்பையும் குடலும் தாங்காது. அதனால்தான் கதிரியக்கப் பொருளையே கர்ப்பப்பை வாய்க்குக் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஓரிரண்டு சென்டிமீட்டர் தள்ளினாலே வேகமாகக் குறைந்துவிடும் கதிர் அது. கட்டிக்குப் பலமாகவும், பக்கத்து உறுப்புக்குக் குறைவாகவும் விழும். வெளிக்கதிர், உள்கதிர் இரண்டும் சேர்ந்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும்.

நடப்பதை யாரும் இந்தப் பெண்களுக்கு முன்கூட்டி விளக்குவதில்லை என்பது என் பெரிய குறை. மயக்கமோ, முதுகில் ஊசியோ கொடுத்து, மெல்லிய குழாய் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள்ளும் இரண்டு குமிழ்களை அதன் வாய்க்கு இரண்டு பக்கமும் வைப்பார்கள். குடலும் மூத்திரப்பையும் தள்ளி இருக்கட்டும் என்று காஸ் துணியை அடைப்பார்கள். ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். மிஷினோடு இணைத்ததும் ஒரு கம்பியின் நுனியில் பொருத்திய இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள், அரிசிக் குருணை அளவுதான் இருக்கும், குழாய்க்குள் போய் அங்கங்கே சில நொடிகள் நின்று திரும்பிவிடும். 10 நிமிடம் போல ஆகும். இப்படி இரண்டு முதல் நான்கு தடவை. கம்பி திரும்பியதும் உடம்பில் கதிர் எதுவும் மிச்சம் இருக்காது.

முடிந்த சில வாரங்களில் பிறப்புறுப்புப் பாதை ஒட்டிச் சுருங்கத் தொடங்கலாம். விரிப்பான் என்ற வழவழப்பான குழாயை எப்படிப் பயன்படுத்துவது என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பின்னால் பரிசோதனைகூடச் செய்ய முடியாமல் போகும்.

தைராய்டு புற்றுக்கு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்து அறையில் பூட்டிவைப்பார்களாமே?

அது கதிரியக்க அயோடின், அயோடின்-131. தைராய்டு செல் அயோடினைத் தேடி விழுங்கும் குணத்தையே அதற்கு எதிராகத் திருப்பிவிடும் வித்தை. ஆபரேஷனுக்குப் பின் மிஞ்சிய செல்லோ, பரவிய செல்லோ அதை இழுத்துக்கொண்டு தானே அழியும். முன்னதாக ஒன்றிரண்டு வாரம் அயோடின் உப்பு, கடல் மீன், கருவாடு எல்லாம் நிறுத்தச் சொல்வார்கள். செல்கள் அயோடினுக்கு ஏங்கிக் கிடக்க வேண்டும் அல்லவா.

இங்கே சொன்னவற்றில் இதில் மட்டும் நோயாளியே சில நாள் கதிரை வெளிவிடுவார். எச்சில், வேர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் வரும். அதனால்தான் தனி அறை. நிறைய தண்ணீர் குடியுங்கள். கழிவறையில் ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும், இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். 8 நாளைக்கு ஒருமுறை வீரியம் பாதியாகும். வீட்டுக்குப் போனபிறகும் சில நாள் தனித்தட்டு, தனிப்படுக்கை. பேரப்பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் தள்ளியே இருக்கட்டும்.

அப்போது, மிஷினில் கரண்ட் வைத்துக்கொண்டு வந்தவர் குழந்தையைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்கலாம், மடியில் போட்டுக் கொஞ்சலாம். விளக்கை அணைத்ததும் அறையில் வெளிச்சம் தங்குவதில்லை, அதே மாதிரிதான். தனித்தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மிஷின் கரண்டுக்கு அது அநியாயம்.

முடி கொட்டுமா? வாந்தி வருமா?

கதிர் படும் இடத்தைப் பொறுத்தது. மார்பில் கொடுத்தால் தலைமுடி கொட்டாது, கீமோவால்தான் கொட்டும். வயிற்றில் கொடுத்தால் வாந்தி, பேதி வரலாம். வாய், தொண்டையில் கொடுத்தால் மூன்றாவது வாரத்தில் புண் வரும், காரம் தொட முடியாது, ருசி போகும். கூழ், கஞ்சி, முட்டை, ரவை கஞ்சி என்று எதையாவது இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். அசதி மட்டும் அநேகமாக எல்லோருக்கும் உண்டு.

வாய்க்குக் கொடுப்பவர்கள் ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். சொத்தைப் பல்லை முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். கதிர் வாங்கிய தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு. 5 வருடம் கழித்து ஊர்ப் பல் டாக்டரிடம் போனாலும் "கரண்ட் வைத்த தாடை" என்று முதலில் சொல்லுங்கள்.

புண் அதிகமாகிவிட்டது. பத்து நாள் நிறுத்திவிட்டு வரலாமா?

தொண்டைப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நிறுத்திய நாளில் மிஞ்சிய புற்றுச் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகும். பொங்கல், ஊர்த் திருவிழா, தங்கச்சி வளைகாப்பு எதற்கும் நிற்காதீர்கள். மிகப் பெரிய மிஷினில் பாதியில் விட்டதைவிட, சாதாரண மிஷினில் நாள் தவறாமல் முடித்தது மேல் என்று அடித்துச் சொல்வேன். புண் தாங்க முடியவில்லை என்றால் வீட்டில் படுத்துக்கொள்ளாமல் பிரிவுக்கு வாருங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

செலவுக்கு வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் உண்டு. அட்டை இருந்தால் முதல் நாளே காப்பீட்டு கவுண்டரில் காட்டுங்கள், அட்மிஷன் போட்டு முடித்தபிறகு ஓடாதீர்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை போன்ற அரசு இடங்களிலும் கொடுக்கிறார்கள்.

முடிந்தபிறகு மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா? அதில் கதிர் இருக்குமா?

கதிர் எதுவும் இருக்காது, வெறும் பிளாஸ்டிக்தான். சிலர் பார்க்கவே பிடிக்காமல் இங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். மாஸ்க்கைக் கேட்டு வாங்கிப்போன ஒரு பெரியவர் ஆறு மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தபோது, என்ன செய்தீர்கள் ஐயா என்று கேட்டேன். சோளக்காட்டில் குச்சி நட்டு, தன் பழைய சட்டையைப் போட்டு, மேலே மாட்டிவிட்டாராம். "எம் மூஞ்சியப் பாத்தா ஒரு கிளி வரல தம்பி" என்றார். பை நிறைய சோளக்கதிர் கொண்டுவந்திருந்தார்.